பனி எங்கிருந்து வருகிறது? உல்வரின் ‘பெர்க்டாட்’ ஆல்பத்தைக் கேட்பது பற்றி

கேள்வி இது: “அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல் என்று நண்பர்கள் தரும் ஆல்பம் எல்லாமே எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்கிறது. பின்னால் எக்கோ, முன்னால் அலறல். இதில் வாசிப்புத் திறமை என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை ஒலிப்பதிவு சரியில்லாததற்கே ‘சூழல்’ என்று பெயர் வைத்து விற்கிறார்களா? ஒரே ஒரு ஆல்பத்தை வைத்து விளக்க முடியுமா?”

முடியும். புதியவர்களுக்கு ஒரு வரி: பிளாக் மெட்டல் என்பது இரைச்சலான கிட்டாரும் வேகமான டிரம்ஸும் அலறலும் கொண்ட ராக் வகை, அதில் ‘சூழலை’ முன்வைப்பது அட்மாஸ்ஃபெரிக். உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரீவெர்பை (பெரிய கூடத்தில் கேட்பது போன்ற எதிரொலியை) முழுசாகத் திறந்துவிட்டு, நாலு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) எட்டு நிமிடம் இழுத்து, அட்டையில் ஒரு காட்டுப் படத்தைப் போட்டு வெளியிடும் ஆல்பங்கள் இந்த வகையில் ஏராளம். அவற்றைக் கேட்டு அலுத்துப் போனால் குறை உங்கள் காதில் இல்லை. ஆனால் அவர்கள் எதைக் கேட்டு இப்படிச் செய்யக் கிளம்பினார்களோ, அந்த மூல ஆல்பங்களில் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. நான் எடுத்துக்கொள்வது நார்வேயின் உல்வர் குழு 1995இல் வெளியிட்ட ‘பெர்க்டாட்’. மொத்தம் 5 பாட்டு, 34 நிமிடம். மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் கேட்டு முடித்துவிடலாம்.

உல்வர் என்றால் நார்வே மொழியில் ஓநாய்கள். 1993இல் ஆஸ்லோவில் தொடங்கிய குழு. பாடியவர் கார்ம் என்ற மேடைப்பெயர் கொண்ட கிறிஸ்டோஃபர் ரிக். 1976இல் பிறந்தவர், 1994 கடைசியில் இதைப் பதிவு செய்தபோது வயது 18. கிட்டார்கள் ஹோவார்ட், ஐஸ்மல். பேஸ் கிட்டார் ஸ்கோல். டிரம்ஸ் ஐவாரிகியார். எல்லாருமே ஏறக்குறைய அந்த வயதுப் பையன்கள். வெளியிட்டது ஹெட் நாட் ஃபவுண்ட் என்ற சிறிய லேபிள். ‘ஸ்லேயர்’ என்ற ரசிகர் இதழை நடத்திய மெட்டாலியனுடையது.

‘பெர்க்டாட்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘மலை எடுத்துக்கொண்டது’ என்று வரும். நார்வே நாட்டுப்புறக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதி. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெண் காட்டில் வழி தவறுவாள். மலைக்குள் வாழும் ட்ரோல்கள் என்ற பூதங்கள் அவளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊர்த் தேவாலய மணியை அடித்தால் மலை அவளை விட்டுவிடும் என்றும் நம்பினார்கள். நம்மூரில் ‘காத்துக்கருப்பு அடித்துவிட்டது’ என்பார்களே, அதன் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, அங்கே பிடிபட்ட ஆளே காணாமல் போய்விடும்.

ஆல்பத்தின் துணைத்தலைப்பு ‘5 அத்தியாயங்களில் ஒரு மாயக்கதை’ என்ற பொருளில் இருக்கிறது. பாட்டுத் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே கதை புரிந்துவிடும்: ட்ரோல் காட்டில் வழி தவறி, முகட்டின் பின்னால் சூரியன் இறங்குகிறது, சாம்பல் பார்வை ஒன்றை அவள் உணர்ந்தாள், ஒரு குரல் அழைக்கிறது, மலை அறைகளுக்குள். பாடல் வரிகள் இன்றைய நார்வே மொழியில் இல்லை. 1814 வரை நார்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது, எழுத்து மொழியும் டேனிஷாகவே இருந்தது. அந்தப் பழைய எழுத்துநடையில் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி வயதில் ஒருவன் வெண்பா எழுதிப் பார்ப்பது போன்ற ஆசைதான். கொஞ்சம் பந்தா இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கதைக்கு அது பொருந்தி வந்துவிட்டது.

சரி, ஒலிக்கு வருவோம்.

அந்தக் காலத்து நார்வே பிளாக் மெட்டலில் ‘சூழல்’ உண்டாக்க இரண்டு பெரிய வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாவற்றையும் உரித்துவிடுவது. 1994இல் வந்த டார்க்த்ரோன் குழுவின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பம் வீட்டிலேயே நான்கு டிராக் (தடம்) பதிவுக் கருவியில் பதிவானது. கருவிகள் எல்லாவற்றையும் குழுவின் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்தார். தூசி படிந்த ரேடியோவிலிருந்து வருவது போன்ற ஒலி, அதன் கவர்ச்சியே அதுதான். இன்னொன்று, மேலே போர்த்துவது. அதே வருடம் வந்த எம்பரர் குழுவின் முதல் முழு ஆல்பம் பெர்கன் நகரத்து கிரீக் ஹாலில் பதிவானது. அங்கே கீபோர்டு ஒரு பெரிய திரை போல எல்லாவற்றின் பின்னாலும் தொங்கும். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். உல்வர் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. கீபோர்டுத் திரையை நம்பவில்லை, ஒலியைச் சிதைத்தும் வைக்கவில்லை. கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் ஆகியவற்றுக்கு இடையே வேலையை வேறு மாதிரி பங்கு போட்டார்கள். நீங்கள் கேட்கும் திறமை அந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கிட்டாரை எடுத்துக்கொள்வோம். இந்த வகையின் அடிப்படை ட்ரெமொலோ பிக்கிங். ஒரே சுரத்தை பிக்கால் (மீட்டும் சிறு தகட்டால்) மேலும் கீழுமாக இடைவிடாமல் மீட்டுவது. நிமிடத்துக்கு 180 அடி என்ற வேகத்தில் அடிக்கு 4 மீட்டல் என்றால் வினாடிக்கு 12 மீட்டல். அந்த வேகத்தில் காது தனித்தனி மீட்டலை எண்ணுவதை விட்டுவிடுகிறது. ஒரு நடுக்கமுள்ள நீண்ட ஒலியாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு கிட்டார்கள் வாசிக்கும்போது ஒன்றின் மீட்டல் மற்றதன் இடைவெளியில் விழும், யாரும் இயந்திரம் போல ஒன்றாக வாசிக்க முடியாது. விளிம்பு இன்னும் மங்கும். வில் போட்டு இழுக்கும் கருவியின் நீளம் இப்படித்தான் கிட்டாருக்குக் கிடைக்கிறது.

புதிதாகக் கேட்பவர்கள் தவறவிடுவது இதற்கு அடுத்த விஷயத்தை. கை வினாடிக்கு 12 முறை அசைகிறது. ஆனால் சுரம் மாறுவது சில வினாடிகளுக்கு ஒரு முறை. கார்டு மாறுவது அதைவிட மெதுவாக. பாடகர் கீழ்க்காலத்தில் ஒரு வரியை நிதானமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது மிருதங்கம் மேல்காலத்தில் பொழிவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே பாட்டு வேகமா, மெதுவா? கேள்வியே தப்பு, இரண்டும்தான். பிளாக் மெட்டலில் உங்கள் காது டிரம்ஸையும் பிக்கையும் பிடித்துக்கொண்டால் வெறும் ஓட்டமாகத் தெரியும். மேலே மிதக்கும் நீண்ட மெட்டைப் பிடித்துக்கொண்டால் அது மிக மெதுவான இசை. ‘ஒரே இரைச்சல்’ என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் அடுக்கிலேயே நின்றுவிடுகிறார்கள்.

டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மங்கலுக்கும் குழப்பத்துக்கும் வித்தியாசம் பிறக்கிறது. டிஸ்டார்ஷன் வழியாக இரண்டு சுரங்களைச் சேர்த்து அனுப்பினால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்திலும் ஒரு புது ஒலி கிளம்பும். மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், 220 ஹெர்ட்ஸில் ஒரு ஏ, 330இல் ஒரு ஈ. வித்தியாசம் 110, அது அதே ஏ சுரத்தின் கீழ் ஸ்தாயி. அதனால்தான் மெட்டலில் இந்த இரண்டு சுர பவர் கார்டு அவ்வளவு பலமாக, சுத்தமாகக் கேட்கிறது. இப்போது அதைச் சோகமாக ஒலிக்கும் மைனர் கார்டாக்க நடுவில் 262இல் ஒரு சி சேருங்கள். 262க்கும் 330க்கும் வித்தியாசம் 68. அது சி-க்கும் அதற்கு அடுத்த சுரமான சி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கோ தொங்கும், எந்தச் சுருதியிலும் ஒட்டாது. கீழே சேறு கலங்கியது போல ஒரு உறுமல்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லூரி நாட்களில் எங்கள் குழு ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது, சோகமாக இருக்கட்டும் என்று முழு மைனர் கார்டுகளை முழு டிஸ்டார்ஷனில் வாசித்துத் தள்ளினேன். வந்தது சோகமல்ல, மிக்சி ஓடும் சத்தம். ஒலிப்பதிவாளர் ஈக்யூவில் (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) எவ்வளவு வெட்டியும் சரிவரவில்லை.

இதற்கு வழி என்ன? கார்டை ஒரே கிட்டாரில் வாசிக்காமல் இரண்டு கிட்டார்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஒருவர் ஏ-யையும் ஈ-யையும் வைத்துக்கொள்வார், இன்னொருவர் சி-யில் தொடங்கி மேலே ஒரு மெட்டை நகர்த்துவார். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும் தன் சுரங்களை மட்டும் சிதைக்கிறது. கார்டு என்பது கேட்பவரின் காதில்தான் கூடுகிறது. மைனர் கார்டின் துயரம் கிடைக்கும், சேறு வராது. ‘பெர்க்டாட்’டில் இரண்டு கிட்டார்களும் பல இடங்களில் இப்படி வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. ஹெட்ஃபோனில் இடதும் வலதுமாகக் கேட்டால் தெரியும்: தனியாக எடுத்தால் இரண்டுமே எளிய வரிகள். பத்து நாள் பழகினால் நானே வாசித்துவிடுவேன். ஆனால் எந்தச் சுரத்தை யார் வைத்துக்கொள்வது, எங்கே ஒருவர் நின்று மற்றவர் நகர்வது என்ற தீர்மானம் இருக்கிறதே, அது பத்து நாளில் வருவதில்லை.

ரீவெர்ப் நிச்சயம் இருக்கிறது. ஆனால் அது எல்லாக் கருவிக்கும் ஒரே அளவில் ஊற்றப்படவில்லை. குரலுக்கு அதிகம், பேஸுக்குக் குறைவு. பக்கத்தில் இருப்பது பக்கத்திலும் தூரத்தில் இருப்பது தூரத்திலும் தெரிந்தால்தான் இந்த இசை எழுப்பும் பனிமூட்டம் பனியாகத் தெரியும். எல்லாமே மங்கினால் அது பனி அல்ல, கண்ணாடி துடைக்காதது.

பேஸ் கிட்டார்தான் இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆள். அந்தக் காலத்து பிளாக் மெட்டல் பதிவுகளில் பேஸ் எங்கே என்று தேட வேண்டும். கிட்டாரின் அடியில் அதே சுரத்தை வாசித்துக்கொண்டு கண்ணில் படாமல் கிடக்கும். இங்கே ஸ்கோல் தெளிவாகக் கேட்கிறார், தனக்கென்று ஒரு நடையும் வைத்திருக்கிறார். கிட்டார்கள் ஒரு கார்டில் நின்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது அடியில் பேஸ் ஏறி இறங்கி வேறு சுரங்களைத் தொட்டுவிட்டு வரும். மேலே எதுவுமே மாறாமல் கார்டின் முகம் மாறிவிடும். தம்புரா மாறாமல் ஒலிக்க, ராகம் அதன் மேல் திரும்பித் திரும்பி வேறு வேறு முகம் காட்டும் அல்லவா? இங்கே தலைகீழ்: மாறாதது மேலே, நடப்பது கீழே. காட்டுக்குள் நடந்து போகும் அந்தப் பெண்ணே பேஸ்தான் என்று எனக்குத் தோன்றும். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, கேட்டுக் கேட்டு உண்டான பிரமை. இதே ஸ்கோல்தான் அதே 1995இல் வெளிவந்த வேத் பூயன்ஸ் எண்டே என்ற குழுவின் ஆல்பத்திலும் வாசித்தவர். அங்கே அவர் இன்னும் கோணலாக, கிட்டத்தட்ட ஜாஸ் ஆளைப் போல வாசிப்பார். ‘இவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா’ என்ற கேள்விக்கு நேரடி பதில் வேண்டுமென்றால் அதைக் கேளுங்கள்.

அப்புறம் குரல். நீங்கள் ‘முன்னால் அலறல்’ என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஆல்பத்தில் முன்னால் இருப்பது பாடல். முதல் அத்தியாயத்தை ஆள்வது தெளிந்த, தாழ்ந்த குரல். அதுவும் ஒற்றைக் குரல் அல்ல. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சுருதியிலும் நேரத்திலும் மயிரிழை வித்தியாசம் விழும். அந்த வித்தியாசங்கள் சேர்ந்துதான் ஒருவர் குரல் ஒரு கூட்டத்தின் குரலாகிறது. மடாலயத்தில் துறவிகள் சேர்ந்து ஓதுவது போல இருக்கும். ரிக் அப்போது நுணுக்கமான பாடகர் என்று சொல்ல முடியாது. குரலில் பெரிய வீச்சு இல்லை, சில இடங்களில் சுருதி லேசாகத் தொங்குகிறது. ஆனால் தனக்கு எட்டும் நாலைந்து சுரங்களுக்குள் மெட்டைக் கட்டிக்கொண்டு, அவற்றைக் கொண்டே ஒரு கூட்டத்தை உருவாக்கிவிட்டார். தன் எல்லை தெரிந்து பாடுவதும் தேர்ச்சிதானே?

அலறல் வரும்போது அதன் வேலை வேறு. தொண்டையை இறுக்கி எழுப்பும் அந்தக் குரலில் திட்டமான சுருதி கிடையாது. ஒலியியல் கண்ணில் அது டிரம்ஸின் சிம்பல் என்ற உலோகத் தட்டுக்குப் பக்கத்துச் சொந்தம். முழு ஆல்பத்திலும் அதுவே இருந்தால் மெட்டைச் சுமக்க கிட்டார் மட்டும்தான் மிச்சம். இங்கே தெளிந்த குரல் மெட்டைச் சுமப்பதால் கிட்டார் அந்தச் சுமையை இறக்கிவைத்துவிட்டு வெறும் காற்றாகவும் மழையாகவும் இருக்க முடிகிறது. கதைப்படி பார்த்தாலும் இரண்டு குரல்களும் இரண்டு உலகங்கள். எது மனிதர் பக்கம், எது மலையின் பக்கம் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாதபடி வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அழைக்கும் குரல் அழகாகத்தானே இருக்க வேண்டும்? பயமுறுத்தினால் யார் பின்னால் போவார்கள்.

டிரம்ஸ் பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்ட் பீட் உண்டு. ஸ்னேரும் (சடசடக்கும் சிறிய டிரம்) கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மாறி மாறி இயந்திரத் துப்பாக்கி போல விழும் அந்த அடி. ஆனால் அதையே நம்பி ஓட்டவில்லை. முதல் பாட்டில் ஸ்னேரில் ஓர் உருட்டல், அணிவகுப்புத் தாளம் போலத் தொடர்ந்து வரும். கதை சொல்லத் தொடங்கும் முன் கூட்டத்தைக் கூட்டும் பறை மாதிரி. நடுத்தர வேகம், பாதி வேகம் என்று ஐவாரிகியார் இறங்கி ஏறுவதால் பிளாஸ்ட் பீட் வரும்போது அதற்கு அர்த்தம் இருக்கிறது.

அத்தியாயங்களில் இரண்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டாம் அத்தியாயம் புல்லாங்குழலும் அக்கூஸ்டிக் கிட்டாருமாகத் தொடங்குகிறது. குழல் வாசித்தது லில் கத்ரீனே ஸ்டென்ஸ்ருட். ஆல்பத்தில் வரும் பெண் குரலும் அவருடையது. மாலை வெயில் போன்ற சில நொடிகள். பிறகு எச்சரிக்கையே இல்லாமல் டிஸ்டார்ஷனும் அலறலும் மேலே விழும். வெயில் போய்விட்டது, அவ்வளவுதான்.

மூன்றாம் அத்தியாயம்தான் எல்லாரும் பேசும் இடம். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நடுவில் திடீரென்று நிற்கிறது. கருவிகள் எல்லாம் மறைந்துபோகின்றன. காய்ந்த சுள்ளிகள் ஒடியும் சத்தம், யாரோ காட்டுக்குள் ஓடும் காலடி. அதன் மேல் ஒரு பியானோ. வாசித்தவர் ஸ்வேர்ட், ஆர்க்டுரஸ் குழுவின் கீபோர்டுக்காரர். முதல் தடவை கேட்டபோது ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரவு ஒரு மணி, ஹாஸ்டல் வராண்டா, வேறென்ன செய்வது?

அந்த இடம் ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பின்னால் யோசித்திருக்கிறேன். சுள்ளி ஒடிவதைப் பதிவு செய்து சேர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, இன்று எந்த ஆல்பத்திலும் மழையும் ஆந்தையும் இருக்கிறது. இங்கே வித்தியாசம் அது வைக்கப்பட்ட இடம். அதுவரை சில நிமிடங்களாகக் காது வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு அடிகளுக்குப் பழகியிருக்கிறது. திடீரென்று மனிதக் காலடியின் வேகம். அது உண்மையில் ஓட்டம்தான், ஆனால் முன்னால் கேட்டதோடு ஒப்பிட்டால் தள்ளாடுவது போலத் தோன்றும். அவள் எவ்வளவு ஓடினாலும் போதாது என்பதைச் சொல்ல வார்த்தையே தேவைப்படவில்லை. பிளாஸ்ட் பீட் இல்லாமல் இந்த மௌனத்துக்கு மதிப்பு இல்லை, இந்த மௌனம் இல்லாமல் பிளாஸ்ட் பீட்டுக்கும் மதிப்பு இல்லை.

நான்காவது சுமார் நான்கு நிமிடத்துச் சின்னப் பாட்டு. அக்கூஸ்டிக் கிட்டாரும் தாழ்ந்த குரலும்தான். தாலாட்டு மாதிரி இருக்கும், ஆனால் பாடுவது யார் என்று யோசித்தால் தூக்கம் வராது. கடைசிப் பாட்டு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருகிறது. ஓட்டம், அலறல், கூட்டுக் குரல்.

குறைகள்? இருக்கின்றன. கிக் டிரம் பல இடங்களில் கிட்டாருக்கு அடியில் புதைந்துபோகிறது. வேகமான பகுதிகளில் ஸ்னேர் தகர டப்பா போல மெலிந்து கேட்கிறது. அக்கூஸ்டிக் பகுதியிலிருந்து மெட்டல் பகுதிக்குப் போகும் தையல்களில் சில நன்றாகவே கண்ணுக்குத் தெரிகின்றன, ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தது போல இல்லாமல் டேப்பை வெட்டி ஒட்டியது போல. மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வெட்டே பலமாகிவிடுகிறது என்பது வேறு விஷயம். எல்லா இடத்திலும் அப்படி அமையவில்லை. ரசிகர்கள் சிலர் இவற்றையும் ‘வேண்டுமென்றே செய்தது’ என்று வாதாடுவார்கள். அவர்கள் 18 வயதுப் பையன்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வேண்டுமென்றே செய்தது எப்படி இருக்கும் என்று பார்க்க அவர்களின் மூன்றாவது ஆல்பமே இருக்கிறது. ‘பெர்க்டாட்’டுக்குப் பிறகு 1996இல் ‘க்வெல்ட்ஸாங்கர்’ வந்தது, முழுக்க அக்கூஸ்டிக். பெரும்பாலும் கிட்டாரும் செல்லோவும் கூட்டுக் குரலும். 1997இல் ‘நாட்டன்ஸ் மாட்ரிகால்’, நேர் எதிர்: அக்கூஸ்டிக் அனேகமாக இல்லை, காதைக் கிழிக்கும் கூர்மை, வேண்டுமென்றே கரடுமுரடாக்கிய ஒலி. லேபிள் கொடுத்த பணத்தில் கோட்டு சூட்டும் காரும் வாங்கிவிட்டு, நடுக்காட்டில் 8 டிராக் கருவியை வைத்து அதைப் பதிவு செய்தார்கள் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கும், நம்ப வேண்டாம். முதல் ஆல்பத்தில் கலந்திருந்த இரண்டு சரக்கையும் தனித்தனியாக வடித்தெடுத்து இரண்டு புட்டியில் ஊற்றியது போல அந்த இரண்டு ஆல்பங்களும். அதற்கடுத்து 1998இல் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் எழுத்தை எடுத்துக்கொண்டு மின்னணு இசைக்குப் போனவர்கள் பிளாக் மெட்டலுக்குத் திரும்பவே இல்லை. விட்டுப் போன வீட்டில் மற்றவர்கள் குடியேறினார்கள். அமெரிக்காவின் அகலாக் அதில் முக்கியமான குழு. அக்கூஸ்டிக் கிட்டார், தெளிந்த குரல், காடு, குளிர் என்று அவர்கள் போட்ட பாதை எங்கே தொடங்குகிறது என்பது ‘பெர்க்டாட்’ கேட்டவருக்கு உடனே தெரியும்.

எப்படிக் கேட்பது என்றும் கேட்பீர்கள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பேஸ் முழுக்கப் போய்விடும். அது போனால் என் பாதி வாதமும் போய்விடும். ஹெட்ஃபோன் போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. ஒலியை அதிகம் ஏற்றாதீர்கள். மெட்டல் என்றால் சத்தமாக வைக்க வேண்டும் என்ற பழக்கம் இதற்கு ஒத்துவராது. சத்தம் ஏற ஏறக் கிட்டாரின் கீச்சென்ற உயர் ஒலிகள் காதைக் குத்தி, அடியில் நடப்பதை மறைத்துவிடும். இப்போதைக்கு வரிசையை மறந்துவிட்டு நான்காவது பாட்டில் தொடங்குங்கள், குரலுக்குப் பழகட்டும். பிறகு முதலாவது. அதைக் கேட்கும்போது டிரம்ஸை விட்டுவிட்டு, குரல் எப்போது மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மறுபடி அதே பாட்டு, இந்த முறை பேஸ் மட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, அவசரமில்லாத ஒரு சாயங்காலம், ஒன்றிலிருந்து ஐந்துவரை நிறுத்தாமல்.

மூன்றாவதில் சுள்ளி ஒடியும்போது பின்னால் திரும்பிப் பார்த்தீர்களா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.